மேட்டில் நின்ற ஜீப்

கிளியூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் அவர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. மேடு வந்தால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

மூச்சிரைத்த என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் ஒற்றிக்கொண்டார். ஆனாலும் ஆள் நிறைந்த அந்தப் புது ஜீப் பாதி மேட்டில் திணறி நின்றது.

"ஆத்தா, அவரைத் தவிர எல்லாரும் எறங்குங்க. வண்டி இழுக்கலீங்க."

"பெரிய எஞ்சினா வாங்கறதுதானே கண்ணு?"

"கேட்டனுங்க. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தற சட்டத்தால அந்த எஞ்சினைக் கம்பெனியே நிறுத்திட்டாங்களாம்."

எஸ்டேட் மேனேஜர் வந்தால்கூட எழுந்து நிற்காத நான், இறங்கி நடந்தேன். ஜீப் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு முன்னால் போனது. ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது டிரைவர் அழுதுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் மூச்சு வழியிலேயே அடங்கியிருந்தது.

இன்றும் என்னைக் கண்டால் அந்த மனிதர் தலைகுனிகிறார். யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. எந்த மேட்டிலும் நிற்காத டிரைவருடைய பழைய ஜீப்பின் புகையில் இருமி இருமி, அதை ஒழிக்கச் சொல்லிச் சண்டை போட்டவரே என் வீட்டுக்காரர்தான்.