சிரட்டைக்குக் கீழே ஈரக் காசு

பதினொரு ரூபாய் இருபத்தைந்து சதம்.

கலந்தர் அறை வாடகையில் வைத்திருந்த கடன் அவ்வளவுதான். அதில் நான் ஒரு சதம் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. இந்தக் கதையிலும் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு, தலைமன்னாரில் வெள்ளைக்காரன் கப்பலுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஹஜ்ஜுப் பிறை கண்ட இரவில் தொடங்கியது. நம்பாதவர்கள் இதை இரவில் வாசிக்க வேண்டாம். நம்புகிறவர்களும்தான்.

கலந்தர் முசலிப் பக்கத்து ஆள். பாலத்தில் கல் சுமக்க வந்தவன். அவனும் மனைவி றாபியாவும் கடற்கரையோரம் ஒரு நீள வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். ஆறு கதவு, ஆறு குடி. முதலாளி மன்னார் டவுனில் இருந்தார். வாடகை வாங்க வருகிறவர் கணக்கப்பிள்ளை ஜமால்தீன்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் இரவு பகலாகப் பாலத்தில் நிற்பார்கள், அறைகளில் பெண்கள் தனியே இருப்பார்கள். அதனால் ஜமால்தீன் கதவு தட்டுவதில்லை. பிறை கண்ட இரவு வாடகைக் காசை வாசல்படியில் வைத்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அவர் வந்து எடுப்பார். யார் வைத்தது என்று கேட்கமாட்டார். காசு இருந்தால், அடுத்த பிறை வரைக்கும் அறையும் கூரையும் காசு வைத்தவனுக்கு. முதலாளியே கூரையில் ஒரு தென்னோலைக் கிடுகைத் தொட முடியாது.

சிரட்டை வெறுமையாக இருந்தால் முதலாளி வைத்ததுதான் சட்டம்.

ரயில் வரப்போகிறது, துரைமார் வரப்போகிறார்கள் என்ற கதை பரவியதும் முதலாளி அந்த வீட்டுக்கு மேல்மாடி கட்டத் தொடங்கினார். கீழே குடியிருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. கிணற்றுப் பாதையை மறித்துப் பவளக் கல் குவிந்தது. சோற்றில் சுண்ணாம்பு. பிள்ளைகளின் கண்ணில் சுண்ணாம்பு. நாலு குடி தூசி தாங்காமல் எழும்பிப் போய்விட்டது.

கலந்தரால் போக முடியவில்லை. றாபியா பிள்ளைத்தாச்சி, ஐந்து மாதம்.

நோன்புப் பிறைக்கு அவனுடைய கூலி ஐந்து நாள் பிந்தியது. சிரட்டை வெறுமை. விடிந்ததும், மேல்மாடி கட்டுகிற சீவரத்தினம் மேசனின் ஆட்கள் ஏணி வைத்து ஏறி, அவன் தலைக்கு மேலிருந்த கிடுகை எல்லாம் கழற்றிவிட்டார்கள். அவனும் அதற்குப் பிறகு காசு வைக்கவில்லை.

"கூரையைப் போடுங்கோ நானா, காசு தாறன்" என்று கலந்தர் கணக்கப்பிள்ளையை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"காசைத் தா, கூரை போடுறம்" என்றார் ஜமால்தீன்.

"வானத்துக்கு நான் ஏன் வாடகை குடுக்க? அது அல்லாஹ்ட."

"நிலம் முதலாளிட. நீ நிலத்திலதானே படுக்கிறாய்?"

இப்படியே மூன்று பிறை போனது. மாதம் மூன்று ரூபாய் எழுபத்தைந்து சதம். தோணிப் பாயின் கிழிசல் ஒன்றைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. கிழக்கே முகில் கறுத்துக்கொண்டு நின்றது. மழைக்கு முதல் கூரை வேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கூரை இருந்தது.

அது எல்லோரும் அக்கா முறையில் றாத்தா என்று கூப்பிடுகிற ஸுஹறாவின் அறை. ஒரு கிடுகு குறையவில்லை. மேசன்மார் கூட அந்த அறையைச் சுற்றித்தான் சாரம் கட்டினார்கள். றாத்தா தனி மனுஷி. புருஷன் மீராசாஹிபு கல் ஏற்றுகிற தோணியில் வேலை என்பார்கள். கேட்டால், "அவர் கடலில நிக்கிறார், பிறைக்கு வருவார்" என்பாள். கலந்தர் அவனை ஒருநாளும் கண்டதில்லை.

அவளுடைய அடுப்புப் புகை கிடுகுக்குள் சுருண்டு மெல்லக் கசியும். இவனுடைய புகை நேரே வானத்துக்குப் போகும். அந்தப் புகையைப் பார்த்தே கலந்தருக்கு வயிறு எரிந்தது. இரவில் மல்லாந்து படுத்தால், சுவருக்கு மேலாக அந்தக் கூரையின் முகடு தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும்.

றாபியா சும்மா இருக்கவில்லை. "அந்த மனிசன் வாடகை வைக்கிறார். நீங்கள் வழக்கு வைக்கிறீங்கள்."

"எந்த மனிசன்? நீ கண்டனியோ?"

"காணாட்டி என்ன? கூரையைக் காணுறன்தானே."

அந்தச் சொல் அவனைக் குத்தியது. அடுத்த நாள் தோணிக்காரரிடம் விசாரித்தான். எங்கட தோணியில அப்படி ஒரு ஆள் இப்ப இல்லை என்றார்கள். கலந்தர் சிரித்தான். அப்போ புருஷன் என்பது பொய். வேறு எவனோ காசு வைக்கிறான். ஒருவேளை ஜமால்தீனே வைக்கிறானோ? பிறையிரவு ஒளித்திருந்து ஆளைப் பிடிப்பது, நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்குவது, தன் கூரையையும் வாங்குவது என்று முடிவெடுத்தான்.

ஹஜ்ஜுப் பிறை. கீற்றுப் போலத் தெரிந்து உடனே கடலில் இறங்கிவிட்டது. கும்மிருட்டு. கலந்தர் வேலைக்குப் போகவில்லை. பாதி கட்டிய மேல்சுவரில் ஏறிக் குந்தினான்.

கீழே, கடற்கரையிலிருந்து வாசல்கள் வரைக்கும், அன்று பகல் இழுத்த சாக்கிலிருந்து சுண்ணாம்பு கொட்டிக் கிடந்தது. சூளையில் சுட்டு இறக்கிய, தண்ணீர் படாத சுண்ணாம்பு. ஒரு துளி ஈரம் பட்டால் சீறும். புகையும். தோலைப் பொசுக்கும்.

பாலத்து வேலைத்தளத்தில் மணி அடித்தது. பன்னிரண்டு.

காற்று நின்றுவிட்டது. கடல் மணம் மட்டும் திடீரென்று கிட்ட வந்தது.

ஒரு மணி அடித்து ஓய்ந்தது.

ஸ்ஸ்...

கலந்தர் நிமிர்ந்தான். பாம்போ?

ஸ்ஸ்... மறுபடியும். இன்னும் கிட்ட. ஆள் நடக்கிற இடைவெளி விட்டு. ஸ்ஸ்... ஸ்ஸ்...

ஸுஹறாவின் வாசலில் நின்றது.

டொக். சிரட்டை கவிழ்ந்த சத்தம்.

கலந்தர் ஏணியைக் கூடத் தேடாமல் குதித்தான். வாசலுக்கு ஓடினான். யாரும் இல்லை. மூலைக்கு ஓடினான். அங்கும் இல்லை. ஆள் தப்பிவிட்டான் என்று நினைத்தான்.

சிரட்டையைத் தூக்கினான். காசு. மூன்று ரூபாய் எழுபத்தைந்து சதம். எல்லாம் ஈரம். விரல் விறைக்கிற குளிர்.

இந்த இடத்தில் அவன் காசை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் தலைக்கு மேல் நட்சத்திரம். அவள் தலைக்கு மேல் கிடுகு. காசை அள்ளி, நாலு எட்டு நடந்து, தன் வாசலில் வைத்து, தன் சிரட்டையால் மூடினான்.

விடிய ஜமால்தீன் வந்தார். கலந்தரின் சிரட்டையைத் தூக்கினார். "ஓ... வழிக்கு வந்திட்டாய்." பிறகு ஸுஹறாவின் சிரட்டையைத் தூக்கினார். வெறுமை. அப்படியே நின்றார். கையிலிருந்த காசை ஒருதரம் முகர்ந்து பார்த்தார்.

"கலந்தர், இது நீ வைச்ச காசுதானே?"

"ஓம்."

"அல்லாஹ் அறிய?"

"ஓம் எண்டுறனே நானா."

வழக்கம் வழக்கம்தான். பத்து மணிக்கு மேசனின் ஆட்கள் ஸுஹறாவின் கிடுகைக் கழற்றி, அதையே கலந்தரின் அறைக்கு மேய்ந்தார்கள். அவள் சண்டைக்கு வரவில்லை. "அவர் வைச்சவர். சத்தம் கேட்டனான்" என்று மட்டும் சொன்னாள். கலந்தர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு வயிறு குளிர்ந்திருந்தது.

அன்று மாலை வேலைக்குப் போகிற வழியில்தான் அதைக் கண்டான். சுண்ணாம்பில் காலடிகள். ஈரம் பட்ட இடமெல்லாம் வெந்து, பூத்து, மாவாகப் பொங்கியிருந்தது. கடலிலிருந்து ஸுஹறாவின் வாசல் வரைக்கும் வந்திருந்தன.

திரும்பிப் போன அடி ஒன்றும் இல்லை.

அன்றிரவு அவனுக்குப் பாலத்தில் இரவு வேலை. மூன்றரை மணிக்கு விட்டார்கள். தோள் கழன்றுவிடும் போல வலி. ஆனாலும் மனதில் ஒரு பெருமை. கூரையுள்ள வீட்டுக்குப் போகிறேன் என்ற பெருமை.

நாலு மணி அடிக்கும்போது வாசலுக்கு வந்தான்.

சுண்ணாம்பில் புதுக் காலடிகள்.

இந்த முறை ஸுஹறாவின் வாசலோடு முடியவில்லை. அங்கே வந்து நின்று... திரும்பி... கலந்தரின் வாசலுக்கு வந்திருந்தன.

கடைசி அடியில் இன்னும் புகை.

கதவைத் தட்டினான். "றாபியா."

உள்ளே பாய் அசைந்தது. "ஆர்?"

"நான்தான். திற."



"இஞ்சேருங்கோ..." றாபியாவின் குரல், அவனிடம் பேசுவது போல இல்லை. "வெளியில ஆரோ உங்கட குரலில கூப்பிடுறான்."

கலந்தர் இரண்டு கையாலும் கதவை அறைந்தான்.

"றாபியா! ஆரோட கதைக்கிறாய்?"

"நீங்கள்... நீங்கள் அப்பவே வந்து படுத்திட்டீங்கள்தானே... உடம்பெல்லாம் ஈரமா..."

இருட்டுக்குள்ளே துணி பிழிகிற சத்தம்.

சொட்...

சொட்...

கலந்தர் கதவைத் தோளால் இடித்தான். ஒரே இடி. திறந்தது.

றாபியா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

அவளுக்குப் பக்கத்தில் பாய்.

ஆள் நீளத்துக்கு ஈரம்.

வேறு ஒன்றும் இல்லை.

அவளைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, விடியும் வரை இருவரும் மணலில் இருந்தார்கள். சுபஹுக்குப் பாங்கு கேட்டதும் கலந்தர் ஓடிப்போய் ஜமால்தீனைக் கூட்டி வந்தான். எல்லாவற்றையும் சொன்னான். காசை மாற்றி வைத்ததையும் சொன்னான்.

ஜமால்தீன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"மீராசாஹிபுட தோணி போன வருசம் ஆடியில, சோளகக் காத்தில பிரண்டது. மற்ற மூண்டு பேரின்ர மையத்தும் கிடைச்சுது. அவன்ர கிடைக்கேல்லை. அந்த மாசமே நான் அவளை எழுப்ப வந்தனான். சிரட்டைக்குக் கீழ காசு இருந்தது. அண்டையிலயிருந்து ஒரு பிறை தவறேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையா, ஆர் எண்டு?"

"நான் கேக்கிறேல்லை. காசு எப்பவும் ஈரம்."

கலந்தர் எழுந்து ஸுஹறாவின் வாசலுக்குப் போனான். அவள் கூரையில்லாத அறையில் குந்தியிருந்தாள். "றாத்தா, எங்கட அறைக்கு வாங்கோ. அந்தக் கூரை உங்கட அவர்ட காசு."

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு அவனைக் கடந்து உள்ளே போனாள். ஈரப் பாயை எடுத்து மடித்து, தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

தோட்டவெளி ஊரில் றாபியாவின் சாச்சி, அவள் தாயின் தங்கச்சி இருந்தாள். அங்கே போக வண்டி வந்தது. சட்டி பானையை ஏற்றும்போது ஜமால்தீன் கையை நீட்டித் தடுத்தார். அவருக்கும் முதலாளியிடம் பயம்.

"கடன் ஒண்டு நிக்குது, தம்பி."

"தெரியும் நானா. பதினொண்டு இருபத்தைஞ்சு. கூலி எடுத்துத் தாறன். கூரையில்லாத மாசத்துக்கும் தாறன். விடுங்கோ, போறம்."

ஜமால்தீன் நீட்டிய கையை இறக்கினார். அவர் கலந்தரின் வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று விடிய அவரே நிமிர்த்தி வைத்த சிரட்டை இப்போது கவிழ்ந்து கிடந்தது. அதன் விளிம்பால் தண்ணீர் கசிந்து படியில் ஓடியது.

அவர் அதைத் தூக்கினார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

பதினொரு ரூபாய் இருபத்தைந்து சதம்.

"நீ வைச்சனியோ?"

கலந்தர் தலையை ஆட்டினான். இல்லை.

அவர் காசை மடியில் கட்டினார். "அப்ப உன்ர கணக்கு முடிஞ்சுது. போ. திரும்பிப் பாக்காத."

வண்டி அசைந்தது. கலந்தர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதில் விழுந்தது. அந்த அறைக்குள்ளிருந்து ஸுஹறா யாரிடமோ சொன்னாள்.

"மெல்ல வாங்கோ... சுண்ணாம்பு கிடக்கு. கால் சுடும்."

ஸ்ஸ்...