தவக்காலத்து முட்டை

என் மகள் படிக்கிற அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டோடு ஒரு அவித்த முட்டை தருகிறார்கள். முட்டை வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம். எத்தனை முட்டை, எத்தனை பழம் என்று டீச்சர் தினமும் கணக்குக் கொடுக்க வேண்டும். மைசூர் மைன்ஸ் பக்கம், பழைய தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் முட்டையை வேண்டாம் என்பவர் யார்? போன தவக்காலத்தில் நான் சொன்னேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஒருசந்தி என்போம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கடமை இல்லை என்று சாமியார் பூசையிலேயே சொல்லிவிடுவார். மகள் அப்போது நான்காம் வகுப்பு. "கொழந்திக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று என் மனைவியும் கேட்டாள். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை உடைத்த என் அப்பா, தவக்காலத்தில் முட்டையின் வாசனைகூடப் பிடித்ததில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் பெருமையடிப்பேன். கேட்டுக் கேட்டு மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நானும் ஒருசந்தி இருக்கறேன்பா. நீயும் நானும்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே டீச்சருக்குப் போன் போட்டு, ஈஸ்டர் வரை பழம் கொடுக்கச் சொன்னேன்.

"நோடி சார், எங்க கிளாஸ்ல எல்லாரும் முட்டைதான். இவ ஒருத்திக்காக தினம் ஒரு பழம் வாங்கி, தனியா கணக்குல காட்டணும். அது கூடப் பரவாயில்ல. வளர்ற பொண்ணு, யோசிச்சுக்குங்க" என்றார் கன்னடம் கலந்து பேசுகிற டீச்சர்.

"எங்க வீட்டு வழக்கம் மேடம்" என்றேன். என்ன ஒரு மிடுக்கு எனக்கு!

நான் பெங்களூரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். விடியுமுன் ரயிலேறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே ஒருநாள் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. இறங்கும்போது பசியில் காது அடைத்தது. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் அப்போதுதான் முட்டை பப்ஸ் தட்டை வெளியே எடுத்து வைத்தார்கள். ஒன்று சாப்பிட்டேன். அன்றைக்குப் பாவம் செய்த மாதிரி இருந்தது. மறுநாள் அவ்வளவாக இல்லை. அதற்கடுத்த நாள் கடைக்காரர் நான் கேட்காமலேயே எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்பாள்.

"இன்னாப்பா சாப்ட்ட?"

"தயிர் சாதம்டா."

"எனக்கு இன்னைக்கும் பழம்தான். எல்லாரும் பாத்தாங்க, நான் பாக்கவே இல்ல" என்பாள். கூச்சமே இல்லாமல் அவள் தலையைத் தடவிக் கொடுப்பேன். எந்தக் கையால் தடவினேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

அந்த மாதம் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சோதிக்கிற டாக்டர் வந்தார். மகளின் கண் இமையை இழுத்துப் பார்த்து, எடை பார்த்து, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பள்ளியிலேயே தருகிற சத்து மாத்திரை, காலைப் பால், மதிய முட்டை, இந்த மூன்றில் ஒன்றையும் விடக்கூடாது, கோடை லீவு முடிந்ததும் மறுபடி பார்க்கிறேன் என்றாராம். என் மனைவி அழுதாள். "உங்க பெருமைக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா?" என்று கேட்டாள்.

மகளை உட்கார வைத்துச் சொன்னேன். டாக்டர் சொன்னால் சாப்பிடலாம், பாவமில்லை, சாமியாரே சொல்லியிருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன்.

"நீ சாப்டறியா?"

"இல்ல."

"அப்ப நானும் மாட்டேன். ரெண்டு பேரும்னுதானே சொன்னோம்?"

இரண்டு நாள் டீச்சரும் தட்டில் வைத்துப் பார்த்தார். அவள் முட்டையைப் பக்கத்துப் பெண்ணின் தட்டுக்குத் தள்ளிவிட்டாள். மூன்றாம் நாள் டீச்சர் எனக்குப் போன் செய்து, "நீங்களே வந்து ஊட்டுங்க சார், என்னால ஆகல" என்றார்.

லீவு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அத்தனை பிள்ளைகள் முன்னால் வாய் வரவில்லை. சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து தின்னலாம் என்று போகும் வழியில் வாங்கிப் பையில் வைத்திருந்த ஒரு அவித்த முட்டையை எடுத்து உரித்து, அவள் பார்க்கப் பார்க்கத் தின்றேன்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்காக உட்டுட்டியாப்பா?"

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவள் தன் முட்டையை எடுத்துக் கடித்தாள். டீச்சர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மகளுக்காக அப்பன் ஒருசந்தியை முறித்துக்கொண்டான் என்று என் மனைவி குழாயடியில் சொல்லியிருக்கிறாள். கோயிலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் நான் ரயிலில் இருக்கும்போது டீச்சர் மறுபடி கூப்பிட்டார். "முட்டை தின்றா சார். இப்ப காலைல குடுக்கற பால் வேண்டாங்கறா. கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் மகளும் நடந்து வந்துகொண்டிருந்தோம். மனைவி பின்னால் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றுவிட்டாள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் வந்ததும் கேட்டேன்.

"பால் ஏன்டா குடிக்கல?"

"உன் ஒருசந்தி பாதியில நின்னுபோச்சில்ல? மீதியை நான் உனக்காக இருக்கறேன். முட்டைதான் டாக்டர் கேப்பாரு. பாலைக் கேக்க மாட்டாரு."

ரோட்டோரத்தில் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கரி, பப்ஸ், தயிர் சாதம், எதையும் விடவில்லை. முதல் வாரத்திலிருந்தே நான் ஒருசந்தி இல்லை, எனக்காக நீ எதையும் விட வேண்டாம், நாளைக்குப் பால் குடி என்று கெஞ்சினேன். அடிப்பாள், அழுவாள், இனி என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா தூரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்கப்பா" என்றாள் மெதுவாக. "அவங்ககிட்ட சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் பால் குடித்தாள் என்று டீச்சர் சொன்னார். கோடை லீவு முடிந்து பள்ளிக்கு மறுபடி வந்த டாக்டர், ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். போன வாரம் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது என் மனைவி அந்தக் கதையை மறுபடி ஆரம்பித்தாள். அவர்கள் மகளைப் பார்த்து, "நிஜமாடி, ஒனக்காக ஒங்கப்பா ஒருசந்தியை உட்டாரா?" என்று கேட்டார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா" என்றாள்.