கோட்டுக்குள் பனி இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவரைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். மலையின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, ஆண்டாண்டாக இறுகிக் கிடக்கும் பனியாறு எங்கே முடிகிறதோ அங்கே கோடு போடுவது எங்கள் வேலை. பழைய கோட்டின் மேல் புதுக்கோட்டை வைத்துப் பார்த்தால் மலை இழந்தது தெரிந்துவிடும். கோடைக் கடைசியில் எடுத்த படமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்றுப் பெய்த பனி நம்மை ஏமாற்றிவிடும். அக்கா ஏமாறவே மாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கல் மூடிய பனி எது, வெறுங்கல் எது என்று பிரித்துவிடுவார். நான் ஒருமுறை அவசரத்தில் மேகத்தைச் சுற்றிக் கோடு போட்டபோது, "மேகத்துக்கும் பட்டா போட்டுக் குடுத்துட்டியா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்.

அவர் கணவருக்கும் இதே அலுவலகம்தான். மேலே போய்ப் பனியில் அளவுக்கம்பு நட்டு வருவார். அப்படிப் போனவர் சரிந்த பனிக்குள் புதைந்துபோனார். உடல் கிடைக்கவில்லை. அவருடைய அம்மா அன்றிலிருந்து ஒன்றையே பிடித்துக்கொண்டார்: பனி உருகினால் மகன் வெளியே வந்துவிடுவான். கோடை முடிந்ததும் மருமகளுக்கு போன் போட்டு, எவ்வளவு மிச்சம் என்று கேட்பார். இன்னும் இருக்கிறது என்பார் அக்கா. அந்தப் பனியாற்றை மட்டும் நாங்கள் யாரும் தொட மாட்டோம், அவருக்கே விட்டுவிட்டோம்.

இந்த ஆண்டு, ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்காவுடையது என் தலையில் விழுந்தது. அவர் கணவர் புதைந்த அந்தப் பனியாற்றின் படத்தைத் திறந்தேன். கோட்டுக்குள் பனியே இல்லை. வெறும் கல், நடுவில் ஒரு சின்ன ஏரி. கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. போன ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். அதிலும் அதே கதைதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"தெரியும்டா. போன வருஷமே ஆளனுப்பித் தேடினேன். கல்லெல்லாம் பொரட்டிப் பாத்தாங்க. கம்பு மட்டும்தான் கெடச்சுது. அவரு இல்ல. பனி இருக்குன்னு சொன்னாத்தானே அத்தை காத்திருக்க முடியும்?"

கோட்டை நான் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்துவிட்டு, அவரே அழித்தார். அந்த இடத்தில் கல் மட்டும் தெரிந்தது. இந்த முறை மாமியார் கூப்பிடும்வரை அவர் காத்திருக்கவில்லை. தானே போன் போட்டார்.

"பனி முழுசா போயிடுச்சு அத்தை" என்றார்.

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. அதில் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப அவனக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம்மா?"