வலப்பக்கம் மேல வந்தால்

இண்டைக்கு நாங்கள் இருக்கிற என்.டி.ஜி. பகுதியில மகளின்ரை பள்ளிக்கூட நாடகம். கதையில வாற ஜப்பான் கலியாண வீட்டில அவள் மணப்பெண்ணின்ரை தோழி.

கிமோனோ உடுத்திவிட்டது நான்தான். சீலை உடுத்துற கைக்கு இதென்ன பெரிய வேலை எண்டு, தலைப்புப் போடுற மாதிரி வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு மேலால கொண்டுபோய் இறுக்கி, பின்னும் குத்தியாச்சு.

மேடைக்குப் பின்னால, மணப்பெண்ணா நடிக்கிற பிள்ளையின்ரை அம்மா வந்தா. ஜப்பானில பிறந்து வளந்தவ. மகளை ஒருக்கா பாத்திட்டு, இஞ்சத்தைப் பாஷையான பிரெஞ்சில மெல்லமாக் கேட்டா.

"உங்கட மகள் நாடகத்தில செத்துப்போறாவோ?"

"இல்லையே, பூக்கூடை கொண்டு வாறா."

"அப்ப இடப்பக்கம்தான் மேல வரவேணும். வலப்பக்கம் மேல வாறது பிரேதத்துக்கு."

திரை திறக்கப் போறாங்கள், சபை நிறைய ஜப்பான் சனம்.

அவ சிரிக்கவேயில்லை. நான் பின்னுகளைக் கழட்டக் கழட்ட, பக்கத்தை மாத்திச் சுத்தி, ஒரு பின்னும் இல்லாமல் நாடாவாலயே கட்டி முடிச்சா.

மகள் உயிரோட மேடையேறினாள்.

காலமை நான் இந்தப் பக்கத்தில போட்ட, அதே பிரேதக் கட்டோட எடுத்த ஒத்திகைப் படத்தைப் பாத்து "நல்ல வடிவு, நாவூறு கழிச்சுவிடுங்கோ" எண்டு எழுதின ஆக்களுக்கு: கழிச்சாச்சு. அந்த ஜப்பான் அம்மாதான் கழிச்சவ.