பார்லியில் மட்டும் படரும் சாம்பல்

பிரெஞ்சு பேசும் நகரொன்றின் புறநகரான பியர்பொன்ட்ஸில் தாயோடு வசிக்கும் றொசானாவின் வேலை, நோய் வளர்ப்பது. மன்னாரிலிருந்து சிறுமியாக வந்தவள். பயிராராய்ச்சி நிலையமொன்றில் சட்டி கழுவச் சேர்ந்து, மாலை வகுப்புகளில் படித்து, பூஞ்சை அறைகளுக்குப் பொறுப்பானாள். தானியப் பயிர்களின் இலையில் வெள்ளைப் பொடியாகப் படரும் சாம்பல் நோயை அவள் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வாழும். அதிலும் பார்லியில் வருவது கோதுமையைத் தொடாது.

பெப்ரவரியில் ஒரு வார இறுதி, பார்லி அறையின் ஹீற்றர் நிற்காமல் எரிந்தது. திங்கள் காலை அவள் கதவைத் திறந்தபோது நாற்றெல்லாம் வைக்கோலாகிக் கிடந்தது. அவள் அங்கே வளர்த்துவந்த பார்லிப் பூஞ்சையின் மூன்று வகைகளும், சாகக் கிடந்த சில இலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த மூன்றையும் நம்பி ஆய்வு செய்துவந்த மாணவன் தமிழ்மாறன், கோயம்புத்தூர்க்காரன், தலையில் கைவைத்து நின்றான். "புதுசா விதை போட்டா இலை வரவே ஒரு வாரம் ஆகும்க்கா. அதுக்குள்ள செத்துடும்."

பக்கத்து அறையில் கோதுமை செழித்து நின்றது. அதனால் ஒரு பயனும் இல்லை. அறிந்த ஆய்வகங்களுக்கெல்லாம் றொசானா ஃபோன் எடுத்தாள். ஒருவரிடமும் பார்லி நாற்று இல்லை. அப்போதுதான், பூனைகள் கடிப்பதற்கென்று கடைகளில் சட்டியோடு விற்கும் புல் நினைவுக்கு வந்தது.

"அதில சிலது பார்லிதான். காரை எடும், கர்க்லாண்டில இருக்கிற கடைக்குப் போவம்."

செல்லப்பிராணிக் கடையில் அவள் தரையில் குந்தி, ஒவ்வொரு சட்டியாக விலக்கிப் பார்த்தாள். இலையடியில் காது போன்ற இரண்டு நீண்ட மடல்கள் தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தால் பார்லி. ஓட்ஸுக்குக் காதே கிடையாது. பூனைக்கு எது பிடிக்கும் என்றா பார்க்கிறீர்கள் என்று கடைப்பெண் பிரெஞ்சில் கேட்டாள். றொசானா ஆமென்று தலையாட்டினாள். ஆறு சட்டிகள் தேறின.

நோயிலைகளை அவற்றின் மேல் தட்டி உதறிவிட்டுக் காத்திருந்தார்கள். அடுத்த கிழமை, இரண்டு வகைகள் வெள்ளைப் புள்ளியாக முகம் காட்டின. மூன்றாவது வகை அந்தப் பார்லி இனத்தில் பிடிக்காமல், பழைய இலைகளோடு செத்துப்போனது.

"விடுங்கக்கா, ரெண்டை வச்சு எழுதிக்கிறேன்."

"உமக்கு ஆய்வு. நான் அதை இவ்வளவு காலமா வளத்தனான்," என்றாள். பிறகு வெறும் சட்டிகளைக் கழுவப் போனாள்.

இப்போது ஒவ்வொரு வகையையும் இரண்டு கட்டடங்களில் வளர்க்கிறாள். தமிழ்மாறன் ஆய்வை முடித்து, வேலை கிடைத்து சஸ்கட்டூன் நகருக்குப் போய்விட்டான்.