சும்மா கொட்டும் தண்ணீர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் ஆட்களைப் பார்ப்பதில்லை, காதைத் தீட்டிக்கொள்கிறார். பேச்சுக்கும் மின்விசிறியின் முனகலுக்கும் அடியில் எங்கோ ஒரு சொட்டு விழுந்தால் போதும், வந்த காரியம் மறந்துவிடும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் அவர். தொழிலால் குழாய்க்காரர், மனைவியின் அண்ணன் பிள்ளைகளுக்குச் ‘சொட்டு மாமா’.

உலகத்துத் துன்பங்களுக்கெல்லாம் அவரிடம் ஒரே காரணம் உண்டு. மைத்துனருக்கு மூட்டு வலியா? “வாஷர் போயிருக்கும்.” எதிர்வீட்டுத் தம்பதிக்குள் சண்டையா? “வாஷர் தேஞ்சு போச்சு, வேறென்ன?” வேலை முடிந்ததும் ஈரக்கையை மனைவியின் முந்தானையில் துடைத்துக்கொள்வார். அந்த அம்மாள் அதற்கென்றே ஒரு துண்டை அவர் தோளில் போட்டுவிட்டாலும், கை முந்தானையைத்தான் தேடும்.

கல்யாணத்துக்குப் பின் முதன்முறையாக இருவரும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். புது ஊர், புது விடுதி. பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை; அதற்குள் அவர் குளியலறைத் தண்ணீர்த்தொட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார். மனைவி ஸ்பேனரைப் பிடுங்கித் தம் கைப்பைக்குள் போட்டார்.

“இங்க பாருங்க. கேட்டுக் கேட்டு இப்பத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இனிமே ஒரு குழாயத் தொட்டீங்க, அடுத்த ரயில்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க ஊர்க் குழாயையெல்லாம் கட்டிக்கிட்டு அழுங்க.”

“சரிடி, தொடல.”

அந்த அம்மாள் சொன்னதைச் செய்பவர். ஏற்கெனவே ஒருமுறை செய்துமிருக்கிறார்.

மறுநாள் அந்நகரத்து ஜப்பானியத் தோட்டத்துக்குப் போனார்கள். பாசி படர்ந்த பாறைகள். அலையலையாகக் கீறிவிட்ட வெண்சரளை. குளத்தில் முகம் பார்ப்பதுபோல் குனிந்து நிற்கும் ஒரு மரம். மனைவி பெஞ்சில் அமர்ந்து செருப்பைக் கழற்றினார். “அப்பாடா” என்று கண்ணை மூடினார்.

டொக்.

குழாய்க்காரர் நிமிர்ந்தார். சற்றுப் பொறுத்து, மீண்டும் டொக். பெஞ்சை ஒட்டி, கல்தொட்டியின் மேல் ஒரு மூங்கில் துண்டு, பிள்ளைகள் ஏறியாடும் ஏற்றப் பலகைபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. மேலிருந்து ஒழுகும் நீரை வாங்கும். நிறைந்ததும் தலைகுப்புறக் கவிழ்ந்து கொட்டும். திரும்புகையில் பின்புறத்தால் கல்லில் தட்டும்.

“ஐயோ பாவம், பிடிமானம் விட்டுப்போச்சு” என்று முணுமுணுத்தவர், சரளையைக் கீறிக்கொண்டிருந்த தோட்டக்காரரைக் கூப்பிட்டார். “இத ரிப்பேர் பண்ண ஆள் வரலீங்களா?”

“ரிப்பேர் இல்லைங்க சார். அது அப்படித்தான். நிறையும், கொட்டும், தட்டும்.”

“எதுக்கு?”

“சும்மா. கேக்கறதுக்கு.”

“சும்மாவா?” தண்ணீர் சும்மா கொட்டலாம் என்பதை அவர் மனம் லேசில் ஒப்பவில்லை.

“நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றார் மனைவி, கண்ணைத் திறவாமலே.

இருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, சிறைவைத்தாற்போல் உட்கார்ந்திருந்தார். சொட்டுக்குப் பதறிப் பழகிய காது, ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவே மெல்ல இளகத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து, உதிர்ந்த இலை ஒன்று மூங்கிலின் வாயில் ஒட்டிக்கொண்டது. நீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் வழிந்தது. டொக் நின்றுபோயிற்று. எட்டினால் எடுத்துவிடலாம். வலக்கை பாதி வெளியே வந்தேவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். மைத்துனர் ஊர் ரயில் கூவுவதுபோல் இருந்தது. கையை உள்ளே தள்ளி, அதன்மேல் இன்னும் அழுந்த உட்கார்ந்தார்.

“ஏங்க, சத்தத்தக் காணோம்?”

“எனக்கென்ன தெரியும்? நான் சும்மா இருக்கேன்.”

“எதையாவது தொட்டீங்களா?”

“சத்தியமா இல்ல. பாரு, கை ரெண்டும் மரத்தே போச்சு.”

மனைவி குனிந்து மூங்கிலை உற்றுப் பார்த்தார். “வாஷர் போயிருக்குமோ?”

குழாய்க்காரர் வெடித்துச் சிரித்தார். “ஸ்பேனர் உன் பையிலதான் இருக்கு. நீயே பாத்துக்கோ.”

“வாய மூடுங்க.” தோட்டக்காரர் முதுகு காட்டி நிற்பதை உறுதி செய்துகொண்டு, இரண்டு விரல்களால் இலையைக் கிள்ளி எடுத்தார் அந்த அம்மாள். இருவரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். நீர் இறங்கியது, ஏறியது, மூங்கில் தலைசாய்ந்தது.

டொக்.

மனைவி நிறைவோடு பெஞ்சில் சாய்ந்தார். ஈரக்கையைக் கணவரின் புதுச்சட்டையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.