கேட்டில் கொடுத்த தீப்பெட்டி

எங்கள் வீட்டில் எனக்கு அரிச்சந்திரன் பேத்தி என்று பெயர். ஒன்பது வயதில் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

பெரியப்பா புனேயில் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்சைமர் வந்த பிறகு, அவரும் பெரியம்மாவும் அதே ஊரில், வாகட் பகுதியில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தினமும் காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கதவைத் தட்டுவார். ஒரு முறை வெளியே போய் வழி தவறி, மாலையில்தான் கிடைத்தார்; அதனால் கதவு பூட்டியே இருக்கும். "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க பெரியப்பா" என்று நான் உண்மையைச் சொல்வேன். அவர் முகம் தொங்கிப்போகும். மறுநாளும் சொல்வேன். தினம் ஒரு தடவை அந்த மனிதரின் வேலையைப் பறித்திருக்கிறேன், மகாபாவி.

பெரியம்மாவின் துக்கம் வேறு. ஒரு மாதமாக அவளை அவர் "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிட்டார். கூப்பிட்டபோதெல்லாம் "என்னங்க" என்று போய் நின்றாள்.

மறுத்துப் பேசாதீர்கள், அவர் போக்கிலேயே போய்ப் பாருங்கள் என்றார் டாக்டர். பெரியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தத் தொழிற்சாலைக்குள் நெருப்பு ஆகாது. பீடி பிடித்த காலத்தில் பெரியப்பா தினமும் கேட்டில் சோதனைக்கு நின்று, தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். மறுநாள் காலை அவர் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டியைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டாள். நான் கூடப் போனேன். அவள் சற்றுப் பின்னால் வந்தாள். குடியிருப்புத் தோட்டத்தின் கேட்டில், சொல்லிவைத்தபடி வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"காகா, மாச்சிஸ்?" என்று பெரியப்பாவிடம் தீப்பெட்டியைக் கேட்டார்.

பெரியப்பா இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். வாட்ச்மேன் அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பெரியப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது பெரியப்பாவோடது இல்ல! பெரியம்மா வெச்சது!"

வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று. பெரியப்பா குனிந்து என் காதில் சொன்னார்.

"சத்தம் போடாத பாப்பா. என் பொண்டாட்டிதான் வெச்சிருப்பா. நான் பீடிய விட்டு எத்தன வருஷமாச்சு, அதுகூட அவளுக்கு ஞாபகம் இல்ல. பாவம், இப்பல்லாம் ரொம்ப மறதி. யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்லிவிட்டு உள்ளே போனார். தோட்டக்காரரோடு சேர்ந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். பதினொரு மணிக்கு வாட்ச்மேன் விசில் ஊதியதும் வீடு திரும்பி, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினார். அந்த டூட்டி மூன்று வருடம் நடந்தது.

அரிச்சந்திரன் பேத்தியிடம் ரகசியம் தங்குமா? அன்றைக்கு அவர் உள்ளே போன மறு நிமிடமே பின்னால் நின்ற பெரியம்மாவிடம் ஓடி, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டேன்.

"என் பொண்டாட்டின்னா சொன்னாரு? இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னாள். பெரியப்பா சொன்னது சரிதான், பாவம், ரொம்ப மறதி என்று நினைத்துக்கொண்டு, பொறுமையாக மூன்றாவது தடவையும் சொன்னேன்.